பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் பக்கத்து கிராமத்தில் குடியிருப்பது எப்படி இருக்கும்?

கேட்டவர் சொன்ன விவரம் இவ்வளவுதான்: பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மருத்துவமனையில் வேலை உறுதியாகிவிட்டது, மனைவியும் ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகளும் மதுரையிலிருந்து கூடவே வருகிறார்கள், டவுனுக்குள் ஒரு சின்ன வீட்டுக்குக் கொடுக்கும் வாடகைக்கு ஏழெட்டு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் தோட்டத்தோடு வீடு கிடைக்கிறது, போகலாமா, இல்லை ஆளரவம் இல்லாமல் பைத்தியம் பிடித்துவிடுமா. நான் அந்த ஊர் இருக்கும் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்திலேயே வருடக்கணக்காக இருப்பவன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கார், ஏனென்றால் மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான். பெரும்பாலான கிராமங்களுக்குப் பகலில் சில பஸ் வரும், மாலைக்கு மேல் வராது, ஞாயிற்றுக்கிழமை அறவே கிடையாது. நீங்கள் காலை ஏழு மணிக்கு வார்டுக்குப் போய்விட்டால் வீட்டில் இருப்பவருக்குப் பால் வாங்கவும் வழியில்லாமல் போகும். ஒரு கார் போதாது, அதைவிட ஒருவர் மட்டும் ஓட்டத் தெரிந்திருப்பது போதவே போதாது. இந்திய லைசென்ஸை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குப் பிறகு இங்குள்ள தேர்வில் தேற வேண்டும், தேர்வுக்கான தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். வந்த கையோடு இருவருமே இங்குள்ள பழகுநர் உரிமமான ப்ரொவிஷனல் லைசென்ஸுக்குப் போட்டுவிடுங்கள். கிராமத்துச் சாலைகள் நாம் நினைப்பதுபோல மெதுவானவை அல்ல. இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, எதிரே வருவது தெரியாத வளைவு, ஒரு கார் மட்டும் போகும் அகலம், ஆனால் வேறு பலகை இல்லையென்றால் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல். அந்த வேகத்தில் போகலாம் என்று அர்த்தமில்லை, ஆனால் உள்ளூர்ப் பையன்கள் போவார்கள். எதிர் வண்டிக்கு ஒதுங்க இடம் இருப்பவர் பின்னால் எடுக்க வேண்டும், வழி விட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் போகிறவர் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பொழுது சாய்ந்தபின் மான் குறுக்கே வரும், ஒன்று கடந்தால் இன்னொன்று பின்னால் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எல்லோரும் சொல்லும் அந்த அமைதி. டவுனிலிருந்து வந்தால் முதல் வாரம் காது அடைத்த மாதிரி இருக்கும், உண்மைதான், ஆனால் கொஞ்ச நாளில் இது சத்தமில்லாத இடம் அல்ல, வேறு சத்தங்கள் உள்ள இடம் என்று புரியும். வடமேற்கே லேக்கன்ஹீத்தில் இருப்பது பேருக்குத்தான் பிரிட்டிஷ் விமானத்தளம், உள்ளே இருப்பது அமெரிக்க விமானப்படை. அவர்களுடைய எஃப்-15, எஃப்-35 போர் விமானங்கள் வார நாட்களில் தலைக்கு மேலே கிழித்துக்கொண்டு போகும், போனில் பேசிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகஸ்டில் கோதுமை அறுவடை, மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று நள்ளிரவு வரை விளக்குப் போட்டுக்கொண்டு இயந்திரம் ஓடும். செப்டம்பர் தொடங்கிக் குளிர்காலம் முழுக்கச் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு லாரிகள், சாலையெல்லாம் களிமண். பெரி டவுனில் 1925-லிருந்து சர்க்கரை ஆலை ஓடுகிறது, நமக்குக் கரும்பு ஆலை எப்படியோ அப்படி, அதன் வெள்ளை நீராவி பல மைல் தூரத்திலிருந்தே தெரியும், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மண்ணும் வெல்லமும் கலந்த ஒரு வாடை வரும். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை பெசன்ட் என்ற வேட்டைப் பறவையைச் சுடும் காலம், சனிக்கிழமை காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். கடுகு வயலில் புறாவை விரட்ட வாயு பீரங்கி ஒன்றை வைத்திருப்பார்கள், அது தானாகவே சில நிமிடத்துக்கு ஒருமுறை டமார் என்னும். ஜனவரி இரவுகளில் பெண் நரி கத்துவது யாரையோ கழுத்தை நெரிப்பதுபோல இருக்கும், முதல் தடவை கேட்டுவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

வாரத்தில் ஒரு சாயங்காலம் தேவாலயத்தில் மணியடிக்கும் பயிற்சி நடக்கும். பாட்டு எதுவும் அடிக்கமாட்டார்கள், கோபுரத்தில் ஆறு மணிகள் இருந்தால் அவற்றின் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றி மாற்றி அடிப்பதுதான் கலை. மொத்தம் 720 வரிசை வரும், ஒன்று இரண்டாம் தடவை வரக்கூடாது. தாள் எதையும் பார்க்காமல் மனப்பாடமாக அடிக்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இருக்கிறதா என்றெல்லாம் பெரும்பாலும் கேட்பதில்லை, கயிறு இழுக்க எப்போதுமே ஆள் பற்றாக்குறை. கணக்கில் ருசி உள்ள பிள்ளை என்றால் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

இருட்டு பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. குளிரைவிட இருட்டுதான் நம் ஆட்களை அடிக்கிறது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், பல கிராமங்களில் தெருவிளக்கே கிடையாது, வேண்டாம் என்று ஊரே முடிவெடுத்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து கதவைச் சாத்தினால் அவ்வளவுதான், அடுத்த நாள் வரை வெளியுலகம் கிடையாது. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றையும் தாண்டுவதற்கு வீட்டில் இருப்பவருக்கு வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே ஒரு வேலை, ஒரு வகுப்பு, எதுவாவது இருந்தே ஆக வேண்டும், இதை வாடகையைவிட முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இதற்கு நேர் எதிர், இரவு பத்து மணிக்கும் மேற்கே வெளிச்சம் இருக்கும், காலை நாலரைக்கே விடிந்துவிடும், பிள்ளைகள் தூங்கமாட்டேன் என்பார்கள், கெட்டித் திரை வாங்கிவிடுங்கள். மழையைப் பற்றிய பயம் மட்டும் வேண்டாம். சஃபோக் இங்கிலாந்தின் வறண்ட மூலைகளில் ஒன்று, வருடத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான், சென்னையில் பெய்வதில் பாதிக்கும் குறைவு. தூறிக்கொண்டே இருப்பதால் நிறையப் பெய்கிற மாதிரித் தோன்றும்.

வீடு பார்க்கும்போது ஏஜென்ட் காட்டாத சில விஷயங்கள் இருக்கின்றன. கிராமத்தில் பல வீடுகளுக்குக் குழாய் எரிவாயு கிடையாது. பின்புறம் பச்சை நிறத்தில் ஒரு பெரிய தொட்டி நின்றால் மண்ணெண்ணெய் வாங்கி ஊற்றித்தான் வீடு சூடாகும். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவந்து தரமாட்டார்கள், அரசு வைத்திருக்கும் மின்சார, எரிவாயு விலை வரம்பும் இதற்குப் பொருந்தாது, உலகச் சந்தை ஏறினால் நம் பில்லும் ஏறும். அதனால்தான் ஊரே சேர்ந்து மொத்தமாக வாங்கும் எண்ணெய்க் குழுக்கள் இருக்கின்றன, போன உடனே சேருங்கள், டிசம்பரில் அவசரமாக வாங்காமல் கோடையிலேயே நிரப்புங்கள். தொட்டியில் எண்ணெய் எவ்வளவு மீதமிருக்கிறது, அதற்கு யார் காசு என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சாக்கடை இணைப்பும் இல்லாமல் செப்டிக் டேங்க் வைத்த வீடு நிறைய உண்டு, அதில் அப்பளம் பொரித்த எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று வீட்டு எல்லையில் ஓடும் வாய்க்கால். பார்த்தால் ஏதோ அரசாங்கக் கால்வாய் போலத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒட்டியுள்ள நிலத்துக்காரர்தான் அதைத் தூர்வார வேண்டியவர். இந்த வட்டாரத்து மண் கெட்டிக் களிமண், தண்ணீரை உள்ளே வாங்காது. 2023 அக்டோபரில் பாபெட் புயல் வந்தபோது டெபன்ஹாம், ஃப்ராம்லிங்கம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது, வறண்ட மாவட்டம் என்ற பெயர் அன்றைக்கு உதவவில்லை. அரசின் வெள்ள அபாய வரைபடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, முகவரியைப் போட்டுப் பாருங்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது சமையலறையில் நின்று மொபைலில் ஒரு கோடாவது காட்டுகிறதா என்றும் பாருங்கள். பல இடத்தில் வைஃபை வழியாகத்தான் போன் பேச முடியும், புயலில் மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும், அப்போது மின்தடையை 105 என்ற எண்ணுக்குச் சொல்லக்கூட சிக்னல் தேடி மேட்டுக்கு நடக்க வேண்டும்.

சரி, மனிதர்கள். தனிமை பற்றிய உங்கள் கேள்விக்கு நேரான பதில்: யாரும் வந்து கதவைத் தட்டி என்ன சமைத்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள், நீங்களும் சொல்லாமல் யார் வீட்டுக்கும் போக முடியாது. ஆனால் கவனிக்காமல் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாவற்றையும் கவனிப்பார்கள். நீங்கள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க மறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் இழுத்து வைத்திருப்பார், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார். உங்கள் பார்சலை வாங்கி வைப்பார், ஏனென்றால் இங்கே பல வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான், ரோஸ் காட்டேஜ் என்றே நாலு வீடு இருக்கும், டெலிவரி ஆள் குழம்பித்தான் போவார். குறை இருந்தாலும் நேராகச் சொல்லமாட்டார்கள். உங்கள் வீட்டுச் செர்ரி மரம் எவ்வளவு அழகாக வளர்ந்துவிட்டது, இந்த வருடம் இந்தப் பக்கமும் நிறையப் பூத்திருக்கிறது என்று பக்கத்து வீட்டம்மா சொன்னால் கிளையை வெட்டு என்று அர்த்தம். தன் எல்லைக்கு மேல் நீளும் கிளையை அவரே வெட்டச் சட்டம் அனுமதிக்கிறது, இருந்தாலும் உங்களையே வெட்ட வைப்பதுதான் மரியாதை. முதல் டிசம்பரில் தெருவில் பாதி வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டை கதவு வழியாக விழும், பெயர்கூடத் தெரியாதவர்களும் போடுவார்கள், திருப்பிப் போட ஒரு கட்டு அட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இவர்களோடு நெருங்க ஒரே வழி கூடச் சேர்ந்து ஒரு வேலை செய்வது. உட்கார்ந்து பேசிப் பழகுவது நம் முறை, இவர்கள் கையில் ஏதாவது இருந்தால்தான் பேசுவார்கள். ஊர் மண்டபத்தில் கோடை விழா, அறுவடை விருந்து, முதியோருக்கான மதிய உணவு என்று எதுவாவது நடந்துகொண்டே இருக்கும், எல்லாவற்றுக்கும் கேக் செய்ய ஆள் வரிசையில் நிற்கும், பாத்திரம் கழுவத்தான் ஆள் இருக்காது. அதற்குப் போங்கள். இரண்டு மணி நேரம் ஒருவர் கழுவ ஒருவர் துடைக்க நின்றால் ஊர்க்கதை முழுக்க வந்துவிடும், யார் யாரோடு 1990-களிலிருந்து பேசுவதில்லை என்பது உட்பட. நாய் வைத்திருந்தால் இதில் பாதி வேலை தானாகவே நடக்கும், உங்கள் பெயர் தெரியாவிட்டாலும் நாயின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஊரை உண்மையில் நடத்துவது பாரிஷ் கவுன்சில். நம் கிராமப் பஞ்சாயத்தின் மிகச் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை, பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், உங்கள் கவுன்சில் வரி பில்லில் அதற்கென்று தனி வரியே இருக்கும். கூட்டத்தில் பேசுவது புல் வெட்டுவது, நாய்க் கழிவுத் தொட்டி, சாலைக் குழி, கார் வேகம் இவ்வளவுதான். வேகத்துக்கு எதிராக மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு வேகமானியோடு சாலையோரம் நிற்கும் தாத்தா பாட்டிகளைப் பார்ப்பீர்கள், சிரித்துவிட்டுப் போகாதீர்கள், அவர்கள் எழுதிக் கொடுக்கும் கார் எண்ணின் உரிமையாளருக்குப் போலீஸிடமிருந்து கடிதம் வரும். ஆனால் புது வீட்டுத் திட்டம் என்று ஒரு விண்ணப்பம் வந்துவிட்டால் அதே மண்டபத்தில் நிற்க இடமிருக்காது. இந்த ஊர்கள் இப்படி அழகாக இருப்பதற்கு இயற்கை மட்டும் காரணமில்லை. 1947-இல் கட்டடத் திட்டமிடல் சட்டம் வந்ததிலிருந்து தன் நிலத்திலேயே நினைத்ததைக் கட்ட யாருக்கும் உரிமை கிடையாது, அதற்கு மேல் பழைய கட்டடப் பட்டியல், பாதுகாக்கப்பட்ட பகுதி, வெட்டக்கூடாத மரம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. ஜன்னலை மாற்றவே அனுமதி கேட்கும் வீடுகள் உண்டு. இதனால் அழகு பிழைத்தது, இளையவர்களுக்கு வாங்க வீடு இல்லாமலும் போனது. எதிர்த்துக் கத்துகிறவர்களில் பலர் முப்பது வருடத்துக்கு முன் கட்டிய புது வீட்டில் இருப்பவர்கள் என்பதை நான் கூட்டத்தில் சொல்வதில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால் விசாவில் இருக்கும்போதே உங்களுக்கு இங்கே வாக்குரிமை உண்டு, பாராளுமன்றத் தேர்தல் உட்பட. பெயரைப் பதிவு செய்யுங்கள், நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

இங்கே இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது நடைபாதைகள். மஞ்சள் அம்பு போட்ட மரக்கம்பம் தெரிந்தால் அது பொதுவழி, தனியார் கோதுமை வயலின் நட்டநடுவே போனாலும் சரி, ஒருவருடைய வீட்டுத் தோட்டத்தை ஒட்டிப் போனாலும் சரி, நீங்கள் நடக்கலாம், யாரும் தடுக்க முடியாது. நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. வயல் குறுக்கே போகும் வழியை உழவர் உழுதால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் திருப்பிச் சீர்செய்து கொடுக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படி 2 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது. காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், கன்றோடு நிற்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், குறிப்பாக நாயோடு. நல்ல ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள், நவம்பருக்கு மேல் சஃபோக் களிமண் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ ஏறும். ஏப்ரல் கடைசியில் காட்டுக்குள் தரை முழுக்க நீலமணிப் பூ, ஆகஸ்ட் கடைசியில் வேலியெல்லாம் கறுப்பு பெர்ரி, பிள்ளைகள் வாயும் சட்டையும் ஊதாவாகத்தான் வீடு திரும்புவார்கள்.

பள்ளி பற்றிச் சுருக்கமாக. கிராமத்துத் தொடக்கப்பள்ளிகள் மிகச் சிறியவை, அடுத்தடுத்த இரண்டு வயதுகளில் உள்ள பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்திருப்பார்கள், ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டோடு தெரியும். உங்கள் சின்னவனுக்கு அது நல்லது. பெரியவள் 11 வயதில் மேல்நிலைக்குப் போக வேண்டும், அதற்கு அக்டோபர் 31 கடைசி நாள், தவறவிட்டால் மிச்சமிருக்கும் பள்ளிதான். இலவசப் பள்ளிப் பேருந்து பொதுவாக இடமுள்ள மிக அருகிலுள்ள பள்ளிக்கு மட்டும்தான், எட்டு வயதுக்குக் கீழே 2 மைலுக்கு மேல், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 3 மைலுக்கு மேல் தூரம் இருந்தால் கிடைக்கும். வகுப்பில் நிறத்தால் தனியாகத் தெரியும் ஒரே பிள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம், அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். எங்களுக்கு முகத்துக்கு நேரே யாரும் மோசமாக நடந்ததில்லை, ஆனால் எந்த ஊர், இல்லை இல்லை, முதலில் எந்த ஊர் என்ற கேள்வி வயதானவர்களிடமிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். ஆசையாகக் கேட்பவரையும் அளந்து பார்ப்பவரையும் பிரித்தறியக் கொஞ்ச நாள் ஆகும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், திட்டமிட்டால் போதும். அரிசி, பருப்பு, புளி எல்லாம் கேம்பிரிட்ஜ் மில் ரோட்டிலோ இப்ஸ்விச்சிலோ மாதம் ஒருமுறை வாங்கிக்கொள்ளலாம். கோயில், நல்ல தோசை, பிள்ளைக்குப் பாவாடை என்றால் லண்டனின் ஈஸ்ட் ஹாம்தான், காரில் இரண்டு மணி நேரம். வழியில் பெட்ரோல் பங்கிலோ சின்னக் கடையிலோ கல்லாவில் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரராக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வாசலில் பெட்டி வைத்து முட்டை விற்கும் வீடுகள் இருக்கும், டப்பாவில் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்வது. ஆகஸ்டில் ரன்னர் பீன்ஸும் சுரைக்காய் மாதிரி ஒன்றும் யாரென்று தெரியாமல் உங்கள் வாசலில் கிடக்கும், பீன்ஸைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டால் நம் பொரியல்தான். பாரிஷ் கவுன்சிலிடம் அலாட்மென்ட், அதாவது காய்கறி போட வாடகைக்குக் கொடுக்கும் நிலம், கேட்டு வையுங்கள், முழு மனை ஏறக்குறைய 250 சதுர மீட்டர், வாடகை மிகக் குறைவு, பாதியே தாராளம். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பூசணி நன்றாக வரும், வெண்டையும் கத்திரியும் கண்ணாடிக் கூடாரத்துக்குள் மட்டும், கறிவேப்பிலை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தால் பிழைக்கும். மே நடுவரை உறைபனி வரலாம், ஏப்ரல் வெயிலை நம்பி நாற்றை வெளியே வைத்துவிடாதீர்கள்.

மருந்துக்கு ஒரு வசதி உண்டு, மருந்துக்கடையிலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கிராமத்தாருக்குப் பல இடங்களில் டாக்டர் கிளினிக்கிலேயே மாத்திரை கொடுத்துவிடுவார்கள். பல் மருத்துவர் கதை வேறு, அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் கிடைப்பது கஷ்டம், வருவதற்கு முன் ஊரிலேயே பல்லைச் சரிபார்த்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆகவே உங்கள் நிலையில் நானாக இருந்தால் அந்த ஏழெட்டு மைல் தள்ளிய வீட்டை முதல் வருடம் எடுக்கமாட்டேன். தர்ஸ்டன் அல்லது எல்ம்ஸ்வெல் பாருங்கள். இரண்டுமே கிராமம்தான், இரண்டிலும் ரயில் நிற்கிறது, தர்ஸ்டனிலிருந்து பெரிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, அதே ரயில் கேம்பிரிட்ஜுக்கும் போகும், இன்னொரு பக்கம் ஸ்டோமார்க்கெட்டில் மாறினால் லண்டன். பெரியவளுக்கான மேல்நிலைப்பள்ளியும் தர்ஸ்டனிலேயே இருக்கிறது. மருத்துவமனை மட்டும் பெரி ஸ்டேஷனுக்கு நேரெதிர்ப் பக்கம், அதிகாலை ஷிஃப்டுக்கு உங்களுக்குக் கார் தேவைப்படும், வீட்டில் இருப்பவருக்கு ரயில் போதும். புதிய குடியிருப்பில் வீடு எடுத்தால் பூங்கா, புல்வெளி பராமரிப்புக்கு வருடக் கட்டணம் யார் கட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள், வாடகைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு குளிர்காலமும் கழிந்தபின் உள்ளே தள்ளிப் போவதா என்று யோசிக்கலாம், அப்படிப் போவதாக இருந்தால் அந்த வீட்டைப் பிப்ரவரியில், மழை பெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். ஜூனில் போய்ப் பார்த்தால் எல்லா வீடும் பிடித்துவிடும்.